வாடகையும் வழியும்



சென்ற சித்திரையில் என் பழைய மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். மன்னார்குடியில் ஓர் அலுவலகத்தில் மாதம் 22,000 ரூபாய் ஊதியத்தில் வேலை பார்ப்பவர். பெற்றோருடன் சொந்த வீட்டில் வாழ்பவர். மனைவியும் இரண்டு வயதுக் குழந்தையும் உண்டு. அவருக்குச் சென்னையில், கிண்டியில் உள்ள ஒரு நிறுவனத்திலிருந்து வேலைக்கு அழைப்பு வந்திருந்தது. ஊதியம் 32,000 ரூபாய். அந்தத் தாளை என் கையில் கொடுத்து, "ஐயா, மாதம் பத்தாயிரம் கூடுதல். மனைவி குழந்தையோடு புறப்படலாம் அல்லவா?" என்று கேட்டார்.

நான் உடனே விடை கூறவில்லை. ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துவரச் செய்தேன். ஏனெனில், இதே வினாவை 1990-ஆம் ஆண்டில் நானும் கேட்டுக்கொண்டேன். கணக்கு ஆசிரியனாக இருந்தும் அதற்குத் தவறான விடை கண்டேன். அன்று நான் செய்த பிழை யாது, அதைத் திருத்தியது யார் என்பதையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். உங்களுள் பலர் நாளை சிற்றூரை விட்டுப் பெருநகருக்குச் செல்வீர்கள். பெரும்பாலோர் முதலில் ஒற்றை வருவாயைக் கொண்டே குடித்தனம் தொடங்குவீர்கள். அப்போது இக்கணக்கு உங்களுக்குப் பயன்படும்.

முதலில் ஒன்றைத் தெளிந்துகொள்வோம். நகரத்தில் எல்லாப் பொருளும் விலை மிகுந்தவை என்று பொதுவாகச் சொல்கிறோம். அஃது உண்மையா? உப்பு, தீப்பெட்டி, சோப்பு ஆகியவற்றின் விலை மன்னார்குடியிலும் சென்னையிலும் ஒன்றே, உறையின்மீதே அச்சிட்டிருக்கிறது. அரிசியும் பருப்பும் கிலோவுக்குச் சில ரூபாய் ஏறி இறங்கலாம். லாரியில் ஏற்றி எங்கும் கொண்டு செல்லக்கூடிய பொருளின் விலை ஊருக்கு ஊர் மிகுதியாக மாறுவதில்லை. மாறுவது லாரியில் ஏற்ற முடியாத ஒரே பொருளின் விலை. அப்பொருள் நிலம். நகரம் விலை மிகுந்தது என்று நாம் சொல்வதன் பெரும்பொருள், அங்கே இடம் விலை மிகுந்தது என்பதே.

இடம் ஏன் அவ்வாறு விலையேறுகிறது? இதை நன்கு விளக்கியவர் நூலறிஞர் மட்டும் அல்லர், பண்ணை நடத்தியவர். வட ஜெர்மனியில் டெல்லோ என்னும் சிற்றூரில் நிலம் வைத்திருந்த ஃபான் தூனன் என்பவர், 1826-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். ஒரு சமவெளியின் நடுவே ஒரே ஒரு நகரம் இருப்பதாக அவர் கற்பனை செய்துகொண்டார். நகரத்துக்கு அருகே பாலும் காய்கறியும் விளைவிப்பார்கள். ஏனெனில் அவை விரைவில் கெடும். அப்பால் விறகுக் காடு, அதற்கப்பால் தானியம், எல்லாவற்றுக்கும் அப்பால் மேய்ச்சல் நிலம் எனத் தொழில்கள் வட்டம் வட்டமாக அமையும். நகரத்தை நெருங்க நெருங்க வண்டிக் கூலி குறையும். எவ்வளவு கூலி மிச்சமோ, அவ்வளவுக்கு நிலத்தின் குத்தகை ஏறும். இதுவே அவர் கண்ட உண்மை. 1964-ஆம் ஆண்டில் வில்லியம் அலோன்சோ என்ற அமெரிக்க அறிஞர் இதே கருத்தை மக்கள் குடியிருக்கும் வீடுகளுக்குப் பொருத்திக் காட்டினார். அங்கே உருளைக்கிழங்கு நகருக்குப் போயிற்று. இங்கே மனிதன் வேலைக்குப் போகிறான். வேலையிடத்துக்கு அருகே இருந்தால் வாடகை மிகுதி, வழிச்செலவு குறைவு. தொலைவில் இருந்தால் வாடகை குறைவு, வழிச்செலவு மிகுதி. இரண்டும் ஒரே தராசின் இரு தட்டுகள்.

சென்னைக்கு இதில் ஒரு தனி நிலைமை உண்டு. பள்ளியில் படித்த வட்டத்தின் பரப்பளவை நினைவுகூருங்கள். பத்துக் கிலோமீட்டர் ஆரமுள்ள முழு வட்டம் ஏறத்தாழ 314 சதுரக் கிலோமீட்டர். மதுரையைப் போன்ற ஊர் நான்கு திசையிலும் பரவலாம். சென்னைக்குக் கிழக்கே கடல். ஆகவே அதே ஆரத்துக்குள் அதற்குக் கிடைப்பது அரை வட்டமே. ஏறத்தாழ 157 சதுரக் கிலோமீட்டர். அதனுள்ளும் கூவமும் அடையாறும் ஓடுகின்றன. கிண்டிக் காடு ஒரு பங்கு. மீனம்பாக்கம் விமான நிலையம் ஒரு பங்கு. தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். எஞ்சியதே மனிதர் வாழும் இடம். 2011-ஆம் ஆண்டில் மாநகராட்சியின் எல்லை 174 சதுரக் கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. எல்லை விரிந்ததால் வழி குறையவில்லை. வேலைக்குப் போகிறவனுக்கு எல்லைக்கோடு ஒரு பொருட்டன்று. எத்தனை நிமிடம் என்பதே பொருட்டு.

இனி என் கதைக்கு வருகிறேன்.

1990-ஆம் ஆண்டில் நான் மன்னார்குடிக்கு அருகே ஒரு பள்ளியில் பட்டதாரி ஆசிரியனாக இருந்தேன். பிடித்தங்கள் போகக் கைக்கு வந்தது 1,950 ரூபாய். எங்கள் மகளுக்கு அப்போது வயது நான்கு. அவளுக்குப் பிறவியிலேயே செவி கேளாது. அவளைப் பேச வைக்கலாம் என்றும், அதற்குரிய பள்ளி சென்னையில் உண்டு என்றும் மருத்துவர் கூறினார். அந்தப் பள்ளியில் ஒரு முறை இருந்தது: தாயும் வகுப்பில் உடன் அமர்ந்து கற்க வேண்டும்; அன்று கற்றதை மாலையில் வீட்டில் மீண்டும் மீண்டும் குழந்தையோடு பேசிப் பழக்க வேண்டும். இரண்டு மணி நேரமாவது அந்தப் பயிற்சி இல்லையேல், பகலில் கற்றது நிலைக்காது. ஆதலால் என் மனைவியார் வேலைக்குச் செல்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒருவர் வருவாயில் மூவர் வாழ வேண்டும். நான் சென்னைக்கு மாற்றல் கேட்டுப் பெற்றேன். என் பள்ளி இராயப்பேட்டைப் பக்கம்; மகளின் பள்ளி மயிலாப்பூர்ப் பக்கம்.

வீடு தேடினோம். மயிலாப்பூரை ஒட்டி ஓர் அறையும் சிறு சமையலிடமும் கொண்ட போர்ஷனுக்கு வாடகை 600 ரூபாய். நான்கு குடித்தனங்களுக்கு ஒரே குளியலறை. தாம்பரத்துக்கு மேற்கே, முடிச்சூர்ச் சாலையில், இரண்டு அறையும் கிணறும் முருங்கை மரமும் உள்ள தனி வீட்டுக்கு வாடகை 350 ரூபாய். இரண்டுக்கும் பத்து மாத வாடகை முன்பணம். நான் கழித்துப் பார்த்தேன். மாதம் 250 ரூபாய் மிச்சம். முன்பணத்திலும் 2,500 ரூபாய் குறைவு. இதில் எண்ணிப் பார்க்க என்ன இருக்கிறது என்று தோன்றியது. என் மனைவியாரின் இரண்டு பவுன் வளையல்களை அடகு வைத்து 3,500 ரூபாய் பெற்று, முன்பணம் கட்டித் தாம்பரத்தில் குடியேறினோம்.

விடியற்காலை ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டுவோம். வீட்டிலிருந்து தாம்பரம் நிலையத்துக்கு இருபத்தைந்து நிமிட நடை. குழந்தை என் தோளில். அங்கிருந்து மாம்பலம் வரை மின்சார ரயில். பின்பு பேருந்து. பள்ளி வாயிலை அடைய ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆகும். மாலையும் அவ்வாறே. வீடு திரும்பும்போது குழந்தை உறங்கிவிடும். முகம் கழுவி எழுப்பினால் அழுவாள். சோறு ஊட்டியதும் மீண்டும் உறங்குவாள். "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று நான் சொல்வேன். ஐப்பசியில் மழை பிடித்தது. சாலையில் முழங்கால் அளவு தண்ணீர். சில நாள் பள்ளிக்கே போக இயலவில்லை.

கார்த்திகையில் பள்ளி ஆசிரியை எங்கள் இருவரையும் அழைத்தார். கடிந்து பேசவில்லை. "மாலைப் பயிற்சி நடக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். எங்களுக்கு விடை சொல்ல வாய் வரவில்லை. எதற்காக ஊரையும் உறவையும் விட்டு வந்தோமோ, அந்த ஒன்று மட்டும் நடக்கவில்லை.

அன்றிரவு என் மனைவியார் வீட்டுக் கணக்கு நோட்டை என் முன்னே வைத்தார். அவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். எனினும் நாள் தவறாமல் கணக்கு எழுதுபவர். மூவருக்கும் ரயில், பேருந்துச் செலவு மாதம் 150 ரூபாய். காலையில் சமைக்க நேரமில்லாத நாளில் வெளியே வாங்கிய சிற்றுண்டி, மாலையில் குழந்தைக்குப் பால், ரொட்டி எல்லாம் சேர்ந்து 75 ரூபாய். ஆக 225. மயிலாப்பூர்ப் பக்கம் இருந்தால் மூவரும் நடந்தே போகலாம். இந்தச் செலவு இல்லை. நான் மிச்சம் என்று கருதிய 250 ரூபாயில் உண்மையாக மிஞ்சியது 25 ரூபாய்!

"உங்கள் கணக்கில் நேரத்துக்கு ஒரு பத்தி போடவே இல்லையே" என்றார் அவர்.

நான் பத்தி போட்டுப் பார்த்தேன். நாளொன்றுக்கு மூன்றரை மணி நேரம். மாதத்தில் 24 வேலை நாள். 84 மணி நேரம். 25 ரூபாயை 84 ஆல் வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 30 காசு. ஒரு மணி நேரத்தை 30 காசுக்கு விற்றிருக்கிறேன். அதுவும் என் நேரம் மட்டுமன்று, மூவருடைய நேரம். மூன்றால் வகுத்தால் பத்துக் காசு. விற்ற நேரத்தில் என் மகள் பேசக் கற்கும் நேரமும் இருந்தது.

தையில் வீடு மாற்றினோம். தாம்பரத்து வீட்டுக்காரர் வெள்ளையடிக்க 500 ரூபாய் பிடித்துக்கொண்டு 3,000 திருப்பித் தந்தார். மேலும் 3,000 ரூபாயை வைப்பு நிதியிலிருந்து முன்பணமாகப் பெற்று, 600 ரூபாய் போர்ஷனில் குடியேறினோம். கிணறு இல்லை, முருங்கை இல்லை. தெருக் குழாயில் குடம் வைத்துக் காத்திருக்க வேண்டும். குளியலறைக்கும் வரிசை. ஆனால் மாலை நான்கரைக்கெல்லாம் தாயும் மகளும் வீட்டில் இருந்தார்கள். ஐந்து மணி முதல் ஏழு மணி வரை சமையலிடமே வகுப்பறை. குவளை, கரண்டி, தண்ணீர், புளி என்று ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, வாயசைவைக் காட்டி, தொண்டையில் குழந்தையின் விரலை வைத்துச் சொல்ல வைப்பார். அடுத்த ஆண்டு தைக்குள் அவள் முப்பது சொற்களைச் சொன்னாள். என் மனைவியார் அவற்றையும் அதே கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார்.

இக்கதையிலிருந்து சில பொதுவுண்மைகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது: வாடகையைத் தனியே பார்க்கலாகாது. வாடகை, வழிச்செலவு, வழியில் கழியும் நேரம் ஆகிய மூன்றையும் ஒரே வரியில் எழுத வேண்டும். முதல் இரண்டும் ரூபாயில் வரும். மூன்றாவதை ரூபாயாக மாற்றுவதற்கு நான் சொன்ன வகுத்தலே போதும். விடை வந்ததும், "இந்த விலைக்கு இந்த நேரத்தை விற்பேனா?" என்று உங்களையே கேளுங்கள்.

இரண்டாவது: ஊரில் காசின்றிக் கிடைத்தவற்றையும் எண்ண வேண்டும். சிற்றூர்க் குடும்பத்துக்கு ஊதியத்தைத் தவிர இன்னொரு வருவாய் உண்டு. அது எந்தச் சம்பளச் சீட்டிலும் வராது. கிணற்று நீர், கொல்லைக் கீரை, வீட்டுத் தேங்காய், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி, அவசரத்துக்குக் கைமாற்றுத் தரும் அண்டை வீட்டார் ஆகிய அனைத்தும் வருவாயே. நகரத்தில் இவற்றுள் பலவற்றுக்குக் காசு கொடுக்க வேண்டும். ஊதியம் உயர்ந்தும் கையில் ஒன்றும் தங்கவில்லையே என்று பலர் வியப்பதற்கு இதுவே காரணம். அவர்கள் கூடிய வருவாயை எண்ணினார்கள். இழந்த வருவாயை எண்ணவில்லை.

மூன்றாவது: முதல் மாதத்தின் சுமையைத் தனியே எழுத வேண்டும். முன்பணம், பொருள்களை ஏற்றிச் செல்லும் கூலி, பள்ளிச் சேர்க்கை ஆகியவை எல்லாம் ஒரே நேரத்தில் வரும். இதில் இக்காலத்தவருக்குச் சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. 2017-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும். அதைப் பதிவும் செய்தல் வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு விதமாக இசைந்தாலன்றி, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. 'வேறு விதமாக இசைந்தாலன்றி' என்ற சொற்களை நன்கு கவனியுங்கள். படித்துப் பாராமல் கையெழுத்திடுபவர் தமக்குக் கிடைத்த பாதுகாப்பைத் தாமே கைவிடுகிறார். குடும்ப அட்டையின் முகவரியை மாற்றுவதையும் தள்ளிப் போடாதீர்கள். 1990-இல் நான் ஊரில் அட்டையை ஒப்படைத்துச் சான்று வாங்காமல் வந்துவிட்டேன். அதனால் மூன்று மாதம் கடைவிலைக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் வாங்கினேன். 2011 ஜூன் முதல் இம்மாநிலத்தில் நியாயவிலைக் கடை அரிசி விலையின்றியே வழங்கப்படுகிறது. சிறு வருவாய்க் குடும்பத்துக்கு அது சிறிய உதவியன்று.

நான்காவது செய்தியை நான் மிகவும் வற்புறுத்த விரும்புகிறேன். 1857-ஆம் ஆண்டில் எர்ன்ஸ்ட் எங்கல் என்ற ஜெர்மானியப் புள்ளியியல் அறிஞர், பெல்ஜிய நாட்டுத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவுக் கணக்குகளை ஆராய்ந்தார். வருவாய் குறையக் குறைய, அதில் உணவுக்குச் செல்லும் பங்கு மிகுகிறது என்று கண்டார். அது எங்கல் விதி என்று வழங்குகிறது. இதனோடு வாடகையைச் சேர்த்து எண்ணிப் பாருங்கள். வாடகை மாதத்தின் தொடக்கத்தில் கேட்கும். ஒரு ரூபாயும் குறையாது. பேருந்துக் கட்டணமும் குறையாது. பற்றாக்குறை வந்தால், குறைக்கக் கூடியதாக எஞ்சுவது உணவு ஒன்றே. குடும்பத்தில் யாருடைய தட்டில் முதலில் குறையும்? உங்கள் வீட்டிலேயே கவனித்துப் பாருங்கள். கடைசியாக உண்பவர் எவரோ, அவர் தட்டில்தான் குறையும். ஆதலின் கணக்குப் போடும்போது உணவை முதலில் எழுதுங்கள். மருந்துக்கும் நோய்க்கும் ஒரு தொகையை ஒதுக்குங்கள். அதன்பின் எஞ்சுவதற்குள் வாடகையும் வழியும் அடங்குமா என்று பாருங்கள். வாடகையை முதலில் எழுதி, எஞ்சியதில் உண்போம் என்று தொடங்குவது தலைகீழான கணக்கு.

நகரத்துக்கும் சிற்றூருக்கும் உள்ள வேற்றுமையை அரசும் உணர்ந்தே இருக்கிறது. மத்திய அரசு தன் ஊழியர்களுக்கு வாடகைப் படி தருவதற்காக ஊர்களை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறது. சென்னை, மும்பை, பெங்களூரு முதலிய எட்டுப் பெருநகரங்கள் முதல் வகை. 2024 சனவரி முதல் அப்படி, முதல் வகை நகரங்களில் அடிப்படை ஊதியத்தின் 30 விழுக்காடாகவும், இரண்டாம் வகையில் 20 ஆகவும், மூன்றாம் வகையில் 10 ஆகவும் உயர்த்தப்பட்டது. சிற்றூரிலிருந்து பெருநகருக்கு வருபவனுக்கு அடிப்படை ஊதியத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வாடகைக்கு வேண்டும் என்று அரசே மதிப்பிட்டிருக்கிறது என இதை நாம் கொள்ளலாம். தனியார் நிறுவனம் வேலைக்கு அழைக்கும்போது, இந்த வேற்றுமை ஊதியத்தில் அடங்கியிருக்கிறதா என்று கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இவ்வளவும் கேட்டபின், நகரம் வேண்டவே வேண்டாம் என்று எண்ணிவிடாதீர்கள். நகரமும் காசின்றிச் சில செல்வங்களைத் தருகிறது; ஊரில் அவை கிடையா. 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகத்தில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளை நான் கழித்திருக்கிறேன். 2010-இல் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. எழும்பூரில் குழந்தைகளுக்கென்றே அரசு மருத்துவமனை இருக்கிறது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அன்று அவ்வசதி இருந்திருந்தால் எங்கள் நோட்டில் ஒரு வரி குறைந்திருக்கும். கடற்கரைக் காற்றுக்கும் கட்டணம் இல்லை. இவற்றைப் பயன்படுத்திக்கொள்பவனுக்கு நகரம் ஓரளவு மலிவாகும். வாடகையை மட்டும் கொடுத்துவிட்டு இவற்றைத் தொடாமலே வாழ்பவனுக்கு அது மேலும் விலை மிகுந்ததாகும்.

இப்போது என் மாணவரின் தாளுக்குத் திரும்புவோம். எடுத்துக்காட்டாக அவரும் நானும் சில எண்களை வைத்துக்கொண்டோம். பெருங்களத்தூர்ப் பக்கம் சிறு வீட்டுக்கு வாடகை 9,000, வழிச்செலவு 1,000, ஊரில் காசின்றிக் கிடைத்துச் சென்னையில் வாங்க வேண்டியவை 2,500. ஆக 12,500. கூடுதல் ஊதியமோ 10,000. மாதம் 2,500 ரூபாய் பற்றாக்குறை. அலுவலகத்துக்கு நடந்து போகும் தொலைவில், ஆதம்பாக்கத்தில் வீடு எடுத்தால் வாடகை 11,500, வழிச்செலவு இல்லை, வாங்க வேண்டியவை அதே 2,500. ஆக 14,000. பற்றாக்குறை 4,000. அவர் முகம் வாடிற்று. "பத்தாயிரம் கூடுதல் என்றல்லவா நினைத்தேன்!" என்றார்.

"தம்பி, இனித்தான் முதல் வினா. எதற்காகப் போகிறாய்?" என்று கேட்டேன்.

அவர் சற்று எண்ணிப் பார்த்து விடை சொன்னார். ஊரில் தாம் செய்யும் வேலையில் கற்க இனி ஒன்றும் இல்லை. அங்கே புதிய பணி கற்கலாம். கற்றால் ஊதியம் உயரும். இது தக்க காரணமே. ஆனால் எத்தனை காலத்துக்குள் உயர வேண்டும்? ஓராண்டு என்று வைத்துக்கொண்டோம். அவர் கையில் ஒரு லட்சம் ரூபாய் சேமிப்பு இருந்தது. மூன்று மாத முன்பணம் 27,000. பொருள்களை ஏற்றிச் செல்ல 8,000. ஓராண்டுப் பற்றாக்குறை 30,000. ஆக 65,000. எஞ்சும் 35,000 ரூபாயை நோய் நொடிக்கென்று தொடாமல் வைக்க வேண்டும். ஒற்றைத் தூணில் நிற்கும் வீட்டுக்கு இந்தச் சிறு முட்டுக்கோலாவது வேண்டும்.

பின்பு தொலைவா, அருகா என்ற வினா வந்தது. நான் அருகே என்றுதான் சொல்வேன் என அவர் எதிர்பார்த்திருப்பார். ஆனால் கணக்கு வேறு சொல்லிற்று. அவர் வீட்டில் நாள்தோறும் பயணம் செய்பவர் அவர் ஒருவரே. நாளுக்கு இரண்டு மணி நேரம்; 25 நாளுக்கு 50 மணி நேரம். மாத மிச்சமோ 1,500 ரூபாய். மணிக்கு 30 ரூபாய். ரயிலில் அமர்ந்து அவர் தம் தொழில்நூலைப் படிக்கலாம். மனைவியும் குழந்தையும் அலைய வேண்டியதில்லை. நான் மூவருடைய நேரத்தை மணிக்கு 30 காசுக்கு விற்றேன்; அவர் தம் ஒருவர் நேரத்தை 30 ரூபாய்க்குத் தருகிறார்; தந்த நேரத்திலும் ஒரு பகுதியைப் படிப்பாக மீட்டுக்கொள்கிறார். ஆதலால் அவருக்குப் பெருங்களத்தூரே பொருந்தும் என்று முடிவாயிற்று. கணக்கு முறை ஒன்றே. எனக்குக் கிடைத்த விடை வேறு, அவருக்குக் கிடைத்த விடை வேறு. ஒருவருடைய விடையை மற்றவர் பார்த்து எழுதுவது தேர்வில் மட்டுமன்றி வாழ்க்கையிலும் தவறே.

அவர் முதல் இரண்டு மாதம் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன் அறையில் தனியே தங்கி வீடு பார்த்தார். மழை பெய்த ஒரு நாளில் நேரில் போய்த் தெருவில் நீர் நிற்கிறதா என்று பார்க்கும்படி நான் சொல்லியிருந்தேன், அதையும் செய்தார். மூன்றாம் மாதம் குடும்பத்தை அழைத்துக்கொண்டார். புறப்படும் முன்னர், ஓராண்டு முடியும் நாளைக் குறித்து, அதற்குள் ஊதியம் உயராவிடில் ஊர் திரும்புவது என்று எழுதிக் கையெழுத்திட்டார். மனைவியையும் அதில் கையெழுத்திடச் செய்தார். திரும்பி வருவது தோல்வியன்று. நாள் குறிக்காமல் கடனில் தேய்வதே தோல்வி.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம்மவர் பழமொழி. அளப்பதற்குப் பெரிய கல்வி வேண்டுவதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும் உங்கள் தாயாரிடம் அமர்ந்து, சென்ற மாதத்தில் காசு கொடுத்து வாங்கியவை எவை, காசின்றிக் கிடைத்தவை எவை என்று கேட்டு இரண்டு பத்திகளாக எழுதுங்கள். மூன்றாவது பத்தியில், வீட்டில் ஒவ்வொருவருக்கும் வழியில் கழியும் நேரத்தை எழுதுங்கள். அந்த மூன்றாவது பத்தியை நான் முப்பது வயதில், ஒரு மழைக்கால இரவில், என் மனைவியாரிடமிருந்து கற்றேன். நீங்கள் இப்போதே கற்றுக்கொள்ளலாம்.